லத்தீன் கற்க எந்தத் தளத்தை நம்பலாம்? ஒரு ராயபுரத்துக்காரனின் சோதனை முறை

எங்கள் ஆயாவுக்கு லத்தீன் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆனால் யாராவது 'தோமினுஸ் வோபீஸ்கும்' என்று ஆரம்பித்தால் போதும், 'ஏத் கும் ஸ்பீரிதூ துவோ' என்று பதில் தானாக வந்துவிடும். 1960களில் பூசை தமிழுக்கு மாறுவதற்கு முன் கோயிலில் கேட்டது. அர்த்தம் கேட்டால், 'அதெல்லாம் சாமியாருக்குத்தான் தெரியும்' என்பார். அந்த அர்த்தத்தைத் தேடிப் போனவன்தான் நான். இரண்டு வருடம் ஆகிவிட்டது.

போன மாதம் அக்கா மகள் ஒரு மருந்துச் சீட்டோடு வந்தாள். நர்சிங் சேரப் போகிறவள். "மாமா, டி.டி.எஸ். போட்டா மூணு வேளையாம். இதுல மூணு எங்க இருக்கு?" தெர் தியே சூமெந்தும், நாளுக்கு மூன்று முறை எடுத்துக்கொள்ள வேண்டியது என்று சொன்னேன். அன்றைக்கே அவளுக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. எந்தத் தளத்தில் படிப்பது என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். லத்தீன் பாடம் இதில் கிடையாது, பாடம் எங்கே நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி மட்டும்.

லத்தீன் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதப் போகிறேன். பகரம், தகரம் எல்லாம் ஒலிப்பில் கொஞ்சம் மழுங்கும். ஆனால் குறில் நெடில் துல்லியமாக வரும். நமக்கு வேண்டியது அதுதான், ஏன் என்று இரண்டாம் படியில் தெரியும்.

முதல் படி: எந்த லத்தீன்?

ஒரே எழுத்துக்கு இரண்டு உச்சரிப்பு இருக்கிறது. கோயிலில் பாடுவது இத்தாலியர் வாய்ப்பட்ட ஆலய உச்சரிப்பு. ரோமப் பேச்சாளர் சிசெரோ காலத்து மக்கள் இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று அறிஞர்கள் மீட்டெடுத்தது செவ்வியல் உச்சரிப்பு. அதில் சிசெரோவே 'கிகெரோ' ஆகிவிடுவார். தளத்தின் முதல் பாடத்திலேயே இரண்டில் எதைச் சொல்லித் தருகிறோம் என்று எழுதியிருக்க வேண்டும். வீடியோ என்றால் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் இரண்டையும் கலந்து அடிக்கிறவர்களை அப்போதே மூடிவிடுங்கள்.

எனக்கு இது தெரியாது. உயிர்ப்புக் காலத்தில் (ஈஸ்டரை ஒட்டி) பாடும் 'ரெஜீனா சேலி'யை வீட்டில் செவ்வியல் முறையில் பழகிக்கொண்டு போய், பாடகர் குழுவில் உரத்த குரலில் 'ரேகீன கைலீ' என்று இழுத்தேன். ஆர்மோனியம் நின்றுவிட்டது. "டேய், மாதா பாட்டுல எதுக்குடா கைலி?" என்றார் மாஸ்டர் அண்ணன். இன்னமும் சில பேர் என்னைக் கைலி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கோயிலில் பாட மட்டும் என்றால் ஆலய உச்சரிப்பு போதும். வெர்ஜிலையும் சீசரையும் படிக்கப் போகிறீர்கள் என்றால் செவ்வியல்.

இரண்டாம் படி: தலைக்கோடு இருக்கிறதா?

நான் விழுந்து எழுந்த இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1,500 ரூபாய் கட்டி ஓர் இணைய வகுப்பில் சேர்ந்திருந்தேன். பெயர் வேண்டாம். அழகான பி.டி.எஃப்., வண்ணப் படம் எல்லாம் உண்டு. மூன்று மாதம் கழித்துப் பயிற்சியில் ஒரு வரி: சீசர் கல்லியா நாட்டுக்கு 'வெனித்'. 'வருகிறார்' என்று எழுதினேன். தப்பு என்று வந்தது. அடுத்த பயிற்சியில் அதே சொல்லுக்கு 'வந்தார்' என்று போட்டேன், அதுவும் தப்பு. வகுப்பில் கேட்டால், 'இடம் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள்' என்றார்கள். எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை போல என்று ஒரு வாரம் புத்தகத்தையே தொடவில்லை.

விஷயம் இதுதான். லத்தீனில் வெனித் என்றால் வருகிறான், வேனித் என்றால் வந்தான். முதல் எழுத்து குறிலா நெடிலா என்பது மட்டுமே வித்தியாசம். கற்பவர்களுக்கான நல்ல புத்தகங்கள் நெட்டுயிரின் தலையில் ஒரு சிறு கோடு போட்டுக் காட்டும். நான் பணம் கட்டிய பி.டி.எஃப்.பில் ஒரு கோடு கூட இல்லை. இரண்டு சொல்லும் ஒரே மாதிரி அச்சாகியிருந்தன.

ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்களுக்கு இந்தக் கோடு ஒரு தொல்லை. நமக்கு அப்படியில்லை. கெடு, கேடு, சுடு, சூடு, பெறு, பேறு என்று முதலெழுத்தை நீட்டியே சொல்லை மாற்றுகிற மொழியில் பிறந்தவர்கள் நாம். 'முதனிலை திரிந்த தொழிற்பெயர்' என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்தக் காது இங்கே அப்படியே உதவும். மலும் என்றால் தீமை, மாலும் என்றால் ஆப்பிள். லிபெர் என்றால் புத்தகம், லீபெர் என்றால் சுதந்திரமானவன்.

சொல்லின் கடைசியில் வரும் நெடில் இன்னும் முக்கியம், வேற்றுமையே அதில்தான் இருக்கிறது. 'நௌத இன் ஈன்சுலா எஸ்த்': கடலோடி தீவில் இருக்கிறான். 'ஈன்சுல' என்று குறிலில் முடிந்தால் தீவு, எழுவாய். 'ஈன்சுலா' என்று நீண்டால் ஆறாவதாக அவர்கள் சொல்லும் ஒரு வேற்றுமை. நம்முடைய மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையை (கருவி, நீங்கல், இடம்) அந்த ஒன்றே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறது. கோடு போடாத பாடத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

ஒரு கிளைக்கதை. இதே தலைவலி தமிழுக்கும் இருந்தது. முன்பு எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி வைத்துத்தான் குறில் என்று காட்டுவார்கள். ஓலையில் எழுதும்போது புள்ளியை விட்டுவிடுவார்கள், படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். ஒற்றைக் கொம்பு குறில், சுழித்த கொம்பு நெடில் என்று இன்று நாம் எழுதும் முறையைக் கொண்டுவந்தவர் என்று வீரமாமுனிவரைச் சொல்கிறார்கள். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்த அதே பெஸ்கி. நம் 'வே'யில் இருக்கும் சுழியும் வேனித்தின் தலைக்கோடும் ஒரே வேலைக்காரர்கள் என்று புரிந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆகவே சோதனை இதுதான். தளத்தின் தேடும் பெட்டியில் வெனித் என்ற சொல்லைப் போடுங்கள் (ஆங்கிலப் பலகையில் வி, இ, என், ஐ, டி). இரண்டு வேறு சொற்கள் என்று கோட்டோடு பிரித்துக் காட்டுகிறதா பாருங்கள். பாடமாக இருந்தால் முதல் வேற்றுமை அட்டவணையைத் திறந்து 'அ', 'ஆ' முடிவுகள் வேறாக அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் காசு கட்டாதீர்கள்.

மூன்றாம் படி: அகராதி

பெயர்ச்சொல்லுக்கு இரண்டு வடிவம், வினைக்கு நான்கு வடிவம் தராத அகராதியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அரசன் என்றால் 'ரேக்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, 'ரேக்ஸ், ரேகிஸ்' என்று இருக்க வேண்டும். 'மரம்' மட்டும் தெரிந்த வெளிநாட்டுக்காரர் 'மரமை வெட்டினேன்' என்பார் அல்லவா? 'மரத்தை' என்று ஒருமுறை காட்டிவிட்டால் மிச்சத்தை அவரே பிடித்துக்கொள்வார். அதே கதைதான்.

என் ஓட்டு லோகெயோனுக்கு. சிகாகோ பல்கலைக்கழகத்துடையது, இலவசம். ஒரு சொல்லைத் தட்டினால் பல அகராதிகள் பக்கத்தில் பக்கத்தில் விரியும், 1879இல் வந்த லூயிஸ்–ஷார்ட் உட்பட. கோடு போடாமல் தட்டினாலும் கண்டுபிடித்துவிடும். அவசரத்துக்கு விக்சனரி. அதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு, ஆனால் லத்தீன் அட்டவணைகள் கோட்டோடு ஒழுங்காகவே இருக்கின்றன. விட்டேக்கர்ஸ் வேர்ட்ஸ் என்று ஒரு பழைய நிரல் இருக்கிறது. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் இது இன்ன வேற்றுமை, இன்ன காலம் என்று பிரித்துப் போடும். ஆனால் கோடு கிடையாது, அதனால் தொடக்கத்தில் வேண்டாம்.

நான்காம் படி: மூலநூல் எங்கிருந்து வந்தது?

எந்தப் பதிப்பு, யார் பதிப்பித்தது, எந்த ஆண்டு. இந்த மூன்றும் பக்கத்தில் எங்காவது இருக்க வேண்டும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியுஸில் இருக்கும். அங்கே எந்தச் சொல்லை அழுத்தினாலும் இலக்கணம் வரும். ஆனால் ஒரே சொல்லுக்கு மூன்று நான்கு விடை தரும், முதலில் இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். லத்தீன் லைப்ரரி வேகமாகத் திறக்கும், நூல்களும் ஏராளம். ஆய்வுக்கு இதை நம்பாதீர்கள் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் படிக்க அது போதும்.

தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு டிக்கின்சன் கல்லூரியின் தளம்தான் முதலில். அடிக்கடி வரும் ஏறத்தாழ 1000 சொற்களின் பட்டியல் கோட்டோடு இருக்கிறது, சீசருக்கு உரையும் இருக்கிறது. ஆலன்–கிரீனோ இலக்கணமும் அங்கேயே.

டுவோலிங்கோ? 2019இல் லத்தீன் வந்தது. பாடம் சின்னது, சீக்கிரம் முடிந்துவிடும். பச்சை ஆந்தையை எனக்குப் பிடிக்காது, அக்கா மகளுக்குப் பிடித்திருக்கிறது. ஒரு மாதம் விளையாடிவிட்டு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

பின்சேர்க்கை 1: 'ஆக்ஸ்போர்டு பதிப்பிலேயே தலைக்கோடு இல்லையே, அதுவும் மோசமா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, நான் தெளிவாக எழுதவில்லை. ஏற்கெனவே மொழி தெரிந்தவர்களுக்கான மூலப் பதிப்புகளில் பொதுவாகக் கோடு போட மாட்டார்கள். அது குறை இல்லை. பாடப் புத்தகத்திலும் அகராதியிலும் இல்லாவிட்டால்தான் குறை.

பின்சேர்க்கை 2: கைப்பேசியில் கோடு எப்படிப் போடுவது என்று மூன்று பேர். ஆங்கிலப் பலகையில் உயிரெழுத்தை விரலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள், மேலே ஒரு வரிசை வரும், அதில் இருக்கும். செயற்கை நுண்ணறிவிடம் கோடு போடச் சொல்லலாமா என்று கேட்டவருக்கு: சொல்லலாம். ஆனால் நம்பிக்கையோடு தப்பாகவும் போடும். ஒவ்வொன்றையும் லோகெயோனில் ஒத்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை 3: திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர். இன்டர்நெட் ஆர்க்கைவில் 18ஆம் நூற்றாண்டு லத்தீன் நூல் ஒன்றைத் திறந்தாராம், 'எஃப்த்' என்று ஒரு சொல் வரிக்கு வரி வருகிறதாம், எந்த அகராதியிலும் இல்லையாம். ஐயா, அது 'எஸ்த்'. அந்தக் கால அச்சில் சகரத்துக்கு நீளமான ஓர் எழுத்து உண்டு, பார்க்க எஃப் மாதிரியே இருக்கும், கணினி ஏமாந்துவிடுகிறது. எழுத்தாக மாற்றிய பக்கத்தை மூடிவிட்டு, வருடிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த எழுத்தின் குறுக்குக்கோடு இடது பக்கம் மட்டும் லேசாக நீட்டிக்கொண்டிருக்கும், சில அச்சில் அதுவும் இருக்காது. எஃப்பில் கோடு இரண்டு பக்கமும் தாண்டும்.