பாடம், ஆய்வு, ஊர்ச் செய்தி: நீலகிரியில் மூன்றையும் ஓட்ட வழி

ஊட்டியிலோ கூடலூரிலோ கல்லூரியில் பாடம் எடுக்கிறீர்கள், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர பிஎச்.டி. பதிவும் இருக்கிறது. இடையில் இணையத்தில் ஊர்ச் செய்தி எழுதவும் ஆசை. இந்த நிலையில் பலரும் முதலில் செய்வது நேரத்தை மூன்று பங்கு போடுவது. அது இரண்டு வாரம்கூட நிற்காது. வகுப்பும் ஆய்வும் தேதி சொல்லி வருபவை. மண்சரிவும் யானையும் பேருந்து விபத்தும் அப்படியல்ல. ஆகவே நேரத்தைப் பங்கு போடும் முன் செய்தியின் வகையைத் தேர்ந்தெடுங்கள். நாள் முன்கூட்டியே தெரிந்த செய்திகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'பிரேக்கிங்' முழுநேர நிருபர்கள் வேலை.

அதற்கும் முன்னால் காகித வேலை. இரண்டு அனுமதிகள், தனித்தனியாக. முதலாவது, ஆய்வுக்காகக் கல்லூரி தரும் என்ஓசி, அதாவது ஆட்சேபணையின்மைக் கடிதம். 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி, பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்காக (பிஎச்.டி.க்குப் படித்து முடிக்க வேண்டிய பாடங்கள்) பணியிலிருந்து விடுவிப்போம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். 'ஆட்சேபணை இல்லை' என்ற ஒற்றை வரிக் கடிதம் வாங்கிப் போனால் திருப்பி அனுப்புவார்கள். இரண்டாவது, ஊடகத்தில் எழுதுவதற்கு. அரசுக் கல்லூரி ஆசிரியர் என்றால் 1973ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளைப் படித்துவிட்டு எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். தனியார் கல்லூரி என்றால் பணி ஆணையின் நிபந்தனைகளைப் பாருங்கள். கவுரவ விரிவுரையாளர்கள் பணி நீட்டிப்பு வரும்போதெல்லாம் புதுத் தேதியில் கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது. புனைபெயரில் எழுதித் தப்பிக்கலாம் என்பது தப்புக் கணக்கு. இவ்வளவு சின்ன ஊரில் நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

இனி கணக்கு. உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி சொல்லும் நேரடி வகுப்பு வாரம் 16 மணி. தயாரிப்புக்கும் இன்டர்னல் தாள் திருத்தவும் இன்னொரு 10 மணி வையுங்கள். ஆய்வுக்கு 8, செய்திக்கு 4. செய்திக்கு 4 என்பது குறைவாகத் தோன்றும். அதற்கு மேல் போனால் எடுக்கப்படுவது ஆய்வின் நேரத்திலிருந்துதான், ஏனென்றால் வகுப்புக்குப் போகாமல் இருக்க முடியாது.

இதில் சிக்கல் டே ஆர்டர், அதாவது கிழமைக்குப் பதில் முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண் வரிசையில் ஓடும் கால அட்டவணை. ஆறு நாள் டே ஆர்டரில் ஓடும் கல்லூரியில், நடுவில் ஒரு மழை லீவு விட்டால் அடுத்த வாரமே உங்கள் காலி ஹவர் வேறு கிழமைக்கு நகர்ந்துவிடும். எனவே ஆய்வு நேரத்தை டே ஆர்டரோடு கட்டுங்கள்: வகுப்பு குறைவான ஆர்டர் எதுவோ, அன்று மாலை ஆய்வு. செய்தியைக் கிழமையோடு கட்டுங்கள். இரண்டும் மோதுகிறதா என்று ஞாயிறு இரவு ஒருமுறை பார்த்தால் போதும்.

பருவத்தையும் பாருங்கள். நூலக வேலை, ஆய்வு வழிகாட்டியான கைடைப் பார்ப்பது, களப்பணி எல்லாம் ஜனவரி முதல் மார்ச்சுக்குள். ஏப்ரல், மே மாதங்களில் வேல்யுவேஷன் (பருவத் தேர்வு விடைத்தாள் திருத்தம்). மலர்க் கண்காட்சி நெரிசலில் மலை இறங்கி ஏறுவதற்கே நாள் முடியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை. உட்கார்ந்து அத்தியாயம் எழுத அதுதான் காலம். கரண்ட் போகும், நெட் போகும் என்பதால் படிக்க வேண்டிய கட்டுரைகளை மே மாதமே இறக்கி வையுங்கள்.

நாள் தெரிந்த செய்திகளில் முதலிடம் தேயிலைக்கு. குன்னூர் தேயிலைத் தூள் ஏலம் வாராவாரம் வியாழன், வெள்ளி. ஏலத்துக்கு வந்த அளவு, விற்ற அளவு, கிலோ சராசரி விலை என்ற மூன்றையும் முந்தைய வாரத்தோடு சேர்த்துப் போட்டால் 150 சொல்லில் செய்தி முடிந்தது. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, தூள் விலையையும் பசுந்தேயிலை விலையையும் குழப்புவது. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கும் மேல் இலை வேண்டும். அதற்காகத் தூள் விலையை நாலால் வகுத்து 'இலை விலை இவ்வளவு' என்று எழுதினால் அதுவும் தப்பு. விற்ற பணத்தில் தொழிற்சாலைக்கும் பங்கு உண்டு. சிறு விவசாயிக்கான விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும். அதைத் தனிச் செய்தியாகப் போடுங்கள்.

கிராம சபை அடுத்தது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெரும்பாலும் விடுமுறை நாட்கள்; கல்லூரியில் கொடியேற்றம் முடித்துவிட்டே போகலாம். பேரூராட்சிப் பகுதிகளில் இது நடக்காது என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்ட மனுவும் உங்களுக்குத் தோதானது: 10 ரூபாய்க் கட்டணம், பதிலுக்கு 30 நாள். குடிமகனாக, வீட்டு முகவரியிலிருந்து அனுப்புங்கள். கல்லூரி லெட்டர்ஹெட் வேண்டாம்.

மழை அளவு போடுவதானால் ஒன்று கவனிக்க வேண்டும். அவலாஞ்சி, தேவாலா என்று ஊர்வாரியாக வரும் மழைப் பட்டியல் காலை 8:30 வரையிலான 24 மணி நேரத்துக்கானது. அதை 'இன்று பெய்த மழை' என்று எழுதினால் ஒரு நாள் பிசகும்.

மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடம்தான் ஆபத்தானது. சிறு தேயிலை விவசாயிகளைப் பற்றி ஆய்வு செய்பவர், ஆய்வுக்கென்று எடுத்த பேட்டியிலிருந்து ஒரு வரியைச் செய்தியில் போட்டார் என்று வையுங்கள். எந்த ஹட்டி (படுகர் ஊர்), இலை வாங்கும் எந்த ஏஜென்ட் என்று ஊரே கண்டுபிடித்துவிடும். மறுநாள் பேட்டி கொடுத்தவரின் இலையை எடுக்க வண்டி வராமல் போகலாம். பேச்சைத் தொடங்கும் முன்பே ஆய்வா செய்தியா என்று சொல்லுங்கள். ஆய்வென்றால் ஒப்புதல் படிவம், தனிக் கோப்பு. செய்தியென்றால் பெயர் போடலாமா என்று கேளுங்கள். ஒரே ஒலிப்பதிவை இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள். நீங்களே எழுதிய செய்தி வாக்கியங்களை ஆய்வேட்டில் அப்படியே வைத்தாலும் நகலைக் கண்டுபிடிக்கும் ஒப்புமை மென்பொருள் பிடிக்கும். யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரைதான் தண்டனை இல்லை.

மாணவர்களை நிருபர்களாக்காதீர்கள், இன்டர்னல் மார்க் உங்கள் கையில் இருக்கும்போது அவர்களால் மறுக்க முடியாது. சொந்தக் கல்லூரியைப் பற்றி நல்லதோ கெட்டதோ எழுத வேண்டாம். மழை லீவு அறிவிப்பையும் விட்டுவிடலாம்: ஆட்சியர் பள்ளிகளுக்கு மட்டும் விட்டதைக் கல்லூரிக்கும் என்று ஒருமுறை தப்பாகப் போட்டால், வகுப்பு காலியானதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

தனித் தளம் வைத்தால் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர் அலுவலர் வேண்டும்: புகார் கிடைத்ததாக 24 மணி நேரத்தில் பதில், 15 நாளில் தீர்வு. இதைத் தேர்வுக் காலத்தில் ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது, இரண்டாவது ஆள் கட்டாயம். பகுதிநேரப் பதிவுக்கும் 3 வருடம் முதல் 6 வருடம் வரைதான் என்பதால், சினாப்சிஸ் (ஆய்வேட்டுக்கு முந்தைய சுருக்கம்) கொடுக்கும் பருவத்தில் செய்தியை அந்த இரண்டாவது ஆளிடமே ஒப்படைத்துவிடுங்கள். ஏல விவரம் யாரிடம் கேட்பது, எந்தெந்த மனுவுக்குப் பதில் பாக்கி, கடவுச்சொல் எங்கே என்று ஒரு பக்கத்தில் எழுதி, அந்தப் பருவம் தொடங்க ஒரு மாதம் முன்பே கொடுங்கள்.