ஸ்கிட் பிளேட் போட்ட வண்டிக்கு முன்பக்கம் ஜாக்கி வைப்பது எப்படி

மாசி, பங்குனியில் திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி பக்கம் ஒரு சுற்று போய்வந்தால், ரோட்டில் அடிபடப் பரப்பியிருக்கும் உளுந்துச் செடியில் ஒரு பங்கு நம் வண்டிக்கு அடியில் வந்து சேர்ந்துவிடும். என்ஜினுக்கு அடியில் காப்பாக மாட்டும் தகடான ஸ்கிட் பிளேட் இருந்தால், அந்தச் செடி பிளேட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவில் அடைந்துகொள்ளும், சைலன்சர் பைப் சூட்டில் பற்றிக்கொள்ளவும் கூடும். பிளேட்டைக் கழற்றிச் சுத்தம் பண்ண வண்டியைத் தூக்கியாக வேண்டும்.

தூக்கலாம், ஆனால் ஜாக்கியை அந்தப் பிளேட்டில் வைக்காதீர்கள். கல்லும் வரப்பும் உரசினால் என்ஜின் ஆயில் தேங்கும் அடித்தொட்டியான ஆயில் சம்ப் உடையாமல் இருக்கத்தான் அந்தத் தகடு. வண்டியின் பாரத்தைத் தாங்க இல்லை. நானே ஒருமுறை நடுவில் டிராலி ஜாக்கியை (சக்கரம் வைத்தது) வைத்து அழுத்தினேன், வண்டி ஒரு அங்குலம்கூட எழும்பவில்லை, தகடு மட்டும் உள்ளே மடிந்து சம்ப்பில் போய் முட்டியது. சேறு ஒட்டிய தகடு என்றால் ஜாக்கி தலை வழுக்கியும் விடும்.

முதலில் தரை. நம்மூர் களிமண் மேலே பாளம் பாளமாகக் காய்ந்து கல் மாதிரி தெரியும், அடியில் ஈரம் இருக்கும், பாரம் ஏறினதும் ஜாக்கி மெதுவாக ஒரு பக்கம் இறங்கும். சிமென்ட் களம் கிடைத்தால் அங்கே கொண்டுபோய்விடுங்கள். இல்லையென்றால் இரண்டு அங்குலக் கனத்தில், ஒன்றரை அடி அகலமாவது உள்ள பலகையை மட்டமாகப் போடுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் வேண்டாம், சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். டிராலி ஜாக்கி தூக்கும்போது கொஞ்சம் உருண்டு நகர வேண்டும். மண்ணில் சக்கரம் புதைந்தால் நகராமல் வண்டியைத் தன் பக்கம் இழுக்கும், இல்லை தலை நழுவும். மண்தரையில் பலகை மேல் பாட்டில் ஜாக்கியே (பாட்டில் மாதிரி நிமிர்ந்து நிற்கும், சக்கரம் இல்லாதது) தேவலை.

அப்புறம் ஹேண்ட் பிரேக். அது பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். கியரில் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், முன்சக்கரம் ஓட்டும் கார் என்றால் கியர் பிடிப்பதும் அந்த முன்சக்கரத்தைத்தான், அதைத்தான் நாம் தூக்கப் போகிறோம். பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்தே ஆக வேண்டும்.

இப்போது ஜாக்கி. பொலிரோ, தார் மாதிரி அடியில் தனி இரும்புச் சட்டம் (சேஸ்) உள்ள வண்டியில் முன்சக்கரத்துக்குப் பின்னால் சேஸ் ஓடும் இடத்தில் வையுங்கள். சேஸ் இல்லாத கார் என்றால், கதவுக்குக் கீழே விளிம்பில் கம்பெனி காட்டியிருக்கும் இடம்தான், மேனுவலில் படம் போட்டிருப்பார்கள். சில பிளேட்டில் நடுவில் ஓட்டை விட்டு கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) தெரியும்படி வைத்திருப்பார்கள். அதுதான் ஜாக்கி வைக்கும் இடம் என்று மேனுவல் சொன்னால் மட்டும் அங்கே தூக்கலாம்.

ஒரே பக்கத்தை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். வலது பக்கம் கொஞ்சம் தூக்கி, பாரத்தைத் தாங்கி நிற்கும் ஜாக்கி ஸ்டாண்டைக் கீழ்ப்படியில் வைத்து, இடது பக்கமும் அதே அளவு, பிறகு மறுபடி. ஸ்டாண்டும் சேஸில்தான், சேஸ் இல்லாத கார் என்றால் மேனுவல் காட்டும் இடத்தில்தான் உட்கார வேண்டும், அதன் காலுக்கு அடியிலும் பலகை வேண்டும். ஹைட்ராலிக் ஜாக்கியின் சீல் எப்போது கசியும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. வண்டியை நன்றாக உலுக்கிப் பாருங்கள், ஐந்து நிமிடம் சும்மா நின்று பலகை அமுங்குகிறதா என்றும் பாருங்கள். ஸ்டெப்னியைச் சேஸுக்கு அடியில் படுக்க வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

பிளேட்டைக் கழற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், காய்ந்த சேறு நேராகக் கண்ணில்தான் கொட்டும். கடைசி இரண்டு போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன் ஒரு ஆளைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், இரும்புத் தகடு கனம். மாட்டி இறக்கின பிறகு வாய்க்கால் கரைவரை ஒரு ஓட்டம் ஓட்டி வந்து போல்ட்டை மறுபடி இறுக்கிவிடுங்கள், ஒன்று லூசாக இருந்தாலும் கடகடவென்று ஊரையே எழுப்பும்.