இன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து முடிவு செய்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 900 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) என்றால் 900 வாட் இல்லை. பெரும்பாலும் அதில் 60 முதல் 80 சதவீதம்தான் வாட்டாகக் கிடைக்கும். சரியான அளவு எங்காவது ஓரத்தில் பொடியாக அச்சாகியிருக்கும், தேடிப் படியுங்கள். அதுவும்கூட ஒரே நேரத்தில் எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கான கணக்கு. எத்தனை மணி நேரம் ஓடும் என்பது பேட்டரியின் கையில்தான் இருக்கிறது.

‘நாலு மணி நேரம் தாராளமா ஓடும்’ என்று விற்பவர் சொன்னால், எதெல்லாம் ஓடினால் என்று கேளுங்கள். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1,800 வாட்-மணி இருக்கிறது. மூன்று ஃபேன், நாலைந்து விளக்கு, ஒரு டிவி என்றால் சுமார் 350 வாட். வகுத்துப் பார்த்தால் ஐந்து மணி நேரம் வரும். ஆனால் இன்வெர்ட்டரே கொஞ்சம் தின்றுவிடும். அப்புறம், அந்த 150 ஏ.எச். என்பது பெரும்பாலும் 20 மணி நேரம் நிதானமாக, அதாவது 7.5 ஆம்பியர் வீதம், இழுத்தால் கிடைக்கும் அளவு. 350 வாட்டுக்கு 30 ஆம்பியருக்கு மேல் போகும். அந்த வேகத்தில் உறிஞ்சினால் முழுதாகக் கிடைக்காது. மூன்று மணி நேரம் வந்தாலே நல்ல பேட்டரி. தினமும் அடிவரை காலி செய்தால் லெட்-ஆசிட் (ஈயத் தகடும் ஆசிட்டும் உள்ள) பேட்டரியின் ஆயுள் மளமளவெனக் குறையும், அதனால் இரண்டு மணி நேரம் என்றே திட்டமிடுவது புத்திசாலித்தனம்.

ஃபிரிட்ஜ் போல மோட்டார் உள்ளவை கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும்; அதற்கும் சேர்த்து வாங்கவில்லையென்றால் ஓவர்லோடு காட்டி நின்றுவிடும். மின்சாரத்தைச் சதுர அலையாகத் தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபேன் உறுமும், சூடாகும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும், வீட்டுக்கு வரும் மின்சாரம் போலவே சீரான அலையாகத் தரும் சைன் வேவ்தான் என் தேர்வு.

வாங்கிய பிறகு நடக்கும் தவறுகளில் முக்கியமானது லெட்-ஆசிட் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். குடிக்கிற தண்ணீர் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் அதில் உப்பு இருக்கும், அது தகடுகளைக் கெடுக்கும். ‘ஆசிட் குறைஞ்சிருக்கு’ என்று ஆசிட் ஊற்றுவது அதைவிட மோசம்: சார்ஜ் ஆகும்போது குறைவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. முழு சார்ஜ் ஆன பிறகு குறியீடு வரை ஊற்றுங்கள். சார்ஜ் ஆகும்போது மட்டம் ஏறும் என்பதால், முன்னாடியே நிரப்பினால் வழிந்துவிடும். தகடே வெளியே தெரிகிறது என்றால் மட்டும், அது மூழ்குகிற அளவு ஊற்றிவிட்டு சார்ஜ் போடுங்கள்.

கண்ணை உறுத்துகிறது என்று பேட்டரியை அலமாரிக்குள் அடைத்து வைப்பவர்களும் உண்டு. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறியில் வெடிக்கும். காற்றோட்டம் வேண்டும், வெயில் கூடாது.

பேட்டரி மாற்றும்போது பழசையும் புதுசையும் ஜோடி சேர்க்காதீர்கள். பழசு புதுசையும் சீக்கிரமே கெடுத்துவிடும். லித்தியத்துக்கு மாறுகிறவர்கள், தங்கள் இன்வெர்ட்டரில் அதற்கான சார்ஜிங் செட்டிங் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பேட்டரியோடு இன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.