மல்டிபாத்: கேபிளைப் பிடுங்கிப் பார்க்காமல் நம்பாதீர்கள்

ஸ்டோரேஜிலிருந்து ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்க் கொடுக்கும் முறை) வழியாக 100 ஜிபி லன் (LUN, ஸ்டோரேஜ் பிரித்துக் கொடுக்கும் டிஸ்க்) ஒன்று கொடுத்திருக்கிறார்கள். சர்வரில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கமாண்டை அடித்தால் எஸ்டிபி, எஸ்டிசி என்று இரண்டு 100 ஜிபி டிஸ்க் நிற்கிறது. ஒன்று இலவசமாக வரவில்லை, இரண்டும் ஒரே லன்தான். சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு, ஸ்டோரேஜில் இரண்டு போர்ட், ஆக இரண்டு பாதை. பாதைக்கு ஒரு பெயர் வைத்து லினக்ஸ் காட்டுகிறது. இந்தப் பாதைகளை ஒரே டிஸ்க்காகச் சேர்த்து, ஒன்று அறுந்தால் மற்றதில் ஓட வைப்பதுதான் மல்டிபாத்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எஸ்டிபியை ஃபார்மட் செய்து மவுண்ட் பண்ணிவிட்டுப் போக, அடுத்த ஷிஃப்டில் வந்தவர் எஸ்டிசி சும்மா கிடக்கிறதே என்று அதையும் ஃபார்மட் செய்துவிட்டார். அன்று போன டேட்டா போனதுதான். அதனால் முதலில் இதை அடித்துப் பாருங்கள் (கமாண்டுகளைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்):

எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,டபிள்யூடபிள்யூஎன்

கடைசி நெடுவரிசையில் (டபிள்யூடபிள்யூஎன், அதாவது லன்னின் அடையாள எண்) இரண்டுக்கும் ஒரே எண் வந்தால் ஒரே லன். சரி, இப்போது மல்டிபாத்தை நிறுவலாம். ராக்கி, ரெட் ஹேட் வகையறாவில்:

டிஎன்எஃப் இன்ஸ்டால் டிவைஸ்-மேப்பர்-மல்டிபாத்
எம்பாத்கான்ஃப் --எனேபிள் --வித்_மல்டிபாத்டி ஒய்

உபுண்டுவில் பேக்கேஜின் பெயர் மல்டிபாத்-டூல்ஸ். அடுத்து:

மல்டிபாத் -எல்எல்

எம்பாத்ஏ என்று ஒரு பெயர், அதன் கீழே எஸ்டிபி, எஸ்டிசி இரண்டும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் "ஆக்டிவ் ரெடி ரன்னிங்" என்று வர வேண்டும். ஒரு பாதை மட்டும் தெரிந்தால் மல்டிபாத்தைத் திட்டாதீர்கள், இரண்டாவது போர்ட்டுக்கு ஐஸ்கஸி லாகின் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இனி எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்களையே மறந்துவிடுங்கள். ஃபைல்சிஸ்டம் போடுவது, மவுண்ட் செய்வது எல்லாம் /டெவ்/மேப்பர்/எம்பாத்ஏ மேல்தான். பூட்டில் எதை மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் எழுதும்போது _நெட்டெவ் சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நெட்வொர்க் வருவதற்கு முன் மவுண்ட் செய்யப் போய் பூட் நடுவில் நிற்கும்.

பலர் இதோடு எழுந்து போய்விடுகிறார்கள். டைம்அவுட்தான் மிச்சம் இருக்கிறது, ராத்திரி 2 மணிக்கு போன் வர வைப்பதும் அதுதான். ஒரு பாதை அறுந்ததும் ஐஸ்கஸி உடனே கைவிடாது, இணைப்பு திரும்ப வருமா என்று வழக்கமாக 120 வினாடி காத்திருக்கும். அதுவரை அந்தப் பாதையில் போன ரீட், ரைட் எல்லாம் அப்படியே நிற்கும், டேட்டாபேஸ் மூச்சுவிடாது. மல்டிபாத் இருக்கும்போது இந்தப் பொறுமை தேவையில்லை, 5 வினாடி போதும். ஐஸ்கஸிடி.கான்ஃப் ஃபைலில் ரீப்ளேஸ்மென்ட்_டைம்அவுட் என்று இருக்கும், மாற்றுங்கள். ஆனால் ஏற்கெனவே டிஸ்கவரி செய்த (தேடிக் கண்டுபிடித்து வைத்த) டார்கெட்டுகளை, அதாவது ஸ்டோரேஜ் இணைப்புகளை, அந்த ஃபைல் தொடாது, அவற்றுக்கு இது:

ஐஸ்கஸிஏடிஎம் -எம் நோட் -ஓ அப்டேட் -என் நோட்.செஷன்.டைமியோ.ரீப்ளேஸ்மென்ட்_டைம்அவுட் -வி 5

அப்புறம் லாக்அவுட், லாகின். டிஸ்க்கில் டேட்டா ஏறுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

எல்லா பாதையும் போய்விட்டால்? அதற்கு மல்டிபாத்.கான்ஃபில் நோ_பாத்_ரீட்ரை. "க்யூ" என்று கொடுத்தால் பாதை வரும்வரை முடிவில்லாமல் காத்திருக்கும், டிஸ்க் இடம் பார்க்கும் டிஎஃப் அடித்தால்கூட டெர்மினல் உறைந்துவிடும். "ஃபெயில்" என்றால் உடனே எரர். நான் 12 போடுவேன், அதாவது 12 முறை சோதித்துவிட்டுக் கைவிடும். 5 வினாடிக்கு ஒருமுறை சோதிக்கும் என்பதால் ஏறக்குறைய ஒரு நிமிட அவகாசம் கிடைக்கும். மாற்றியபின் சிஸ்டம்சிடிஎல் ரீலோட் மல்டிபாத்டி.

இனி பரீட்சை. ஒரு டெர்மினலில் வினாடிக்கு ஒருமுறை தேதியை அந்த டிஸ்க்கில் உள்ள ஒரு ஃபைலில் எழுதி, ஒவ்வொரு முறையும் சிங்க்கும் அடிக்கும் லூப்பை ஓட விட்டு (சிங்க் இல்லாவிட்டால் எழுதியது மெமரியிலேயே நிற்கும், இடைவெளி தெரியாது), முதல் ஸ்டோரேஜ் கேபிளைப் பிடுங்குங்கள் (உங்கள் எஸ்எஸ்ஹெச் அந்தக் கார்டு வழியாக வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு!). மல்டிபாத் -எல்எல் அடித்தால் ஒரு பாதை "ஃபெயில்ட் ஃபால்ட்டி" என்று காட்டும். ஃபைலைத் திறந்து பாருங்கள், நேரத்தில் சில வினாடி இடைவெளி விழுந்திருக்கும். அது நிமிடக் கணக்கில் இருந்தால் டைம்அவுட் மாறவில்லை என்று அர்த்தம். கேபிளைச் சொருகி, இரண்டு பாதையும் ஆக்டிவ் ஆனபிறகு மட்டும் இரண்டாவது கேபிளில் கை வையுங்கள்.