பெரிட்டோனைட்டிஸ் சந்தேகமா? சீடி ஸ்கேனில் விடக்கூடாத பிழைகள்

கொழும்பில் இரவுக் கடமைக்கு வரும் இளம் வைத்தியர்களோடு உட்கார்ந்து ஸ்கேன் பார்க்கிறேன். பெரிட்டோனைட்டிஸ், அதாவது வயிற்றின் உள்ளுறையில் அழற்சி, என்று சந்தேகம் வரும்போது ஆட்கள் மாறினாலும் சறுக்கும் இடங்கள் மாறுவதில்லை. பெயரைச் சரிபார்ப்பது, சிறுநீரகத்துக்காக இரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விடுகிறேன்.

ஒரே விண்டோவில் பார்த்து முடிப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். விண்டோ என்றால் திரையில் படத்தின் கறுப்பு வெள்ளை வீச்சை மாற்றும் அமைப்பு. குடலில் ஓட்டை விழுந்தால் காற்று வெளியே கசியும், அதைத்தான் தேடுகிறோம். சீடியில் அடர்த்தியைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவில் கொழுப்பு ஏறத்தாழ மைனஸ் 100, காற்று மைனஸ் 1000. ஆனால் வயிற்றுக்கான வழக்கமான விண்டோவில் கொழுப்பு கருஞ்சாம்பலாகத் தெரிவதால், அதற்குள் கிடக்கும் சிறு காற்றுக் குமிழி கண்ணுக்கு அகப்படாது.

மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் டைக்குளோஃபினாக் எடுத்து வந்த ஓர் அம்மாவுக்கு நள்ளிரவில் ஸ்கேன் எடுத்தார்கள். "கல்லீரலைச் சுற்றிச் சிறிதளவு நீர்" என்று அறிக்கை போனது. அம்மா விடியும்வரை வாட்டிலேயே இருந்தார். காலையில் அதே படங்களை நுரையீரல் விண்டோவில் திறந்தேன். கல்லீரலுக்கு முன்னால் வரிசையாகக் குமிழிகள்! சிறுகுடலின் தொடக்கத்தில் ஓட்டை. அவர் பிழைத்தார், ஆனால் அதற்குள் செப்சிஸ் (தொற்றால் உடலுறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) வந்து ஐசியூவில் கிடக்க வேண்டியதாயிற்று.

"எக்ஸ்ரேயில் காற்று தெரியவில்லையே, டொக்டர்" என்றார் அந்த இளம் வைத்தியர். கொஞ்சக் காற்று எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம். சீடி எடுப்பதே அதனால்தானே?

ஒவ்வொரு வயிற்று ஸ்கேனையும் நுரையீரல் விண்டோவில் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை ஓட்டுங்கள். கல்லீரலின் முன்புறம், இரத்தக் குழாய்கள் நுழையும் அதன் வாசல், குடலைத் தாங்கும் சவ்வான குடல்தாங்கியின் மடிப்புகள். குமிழிகள் எங்கே கூட்டமாக இருக்கின்றனவோ, பெரும்பாலும் ஓட்டையும் அதன் பக்கத்தில்தான் இருக்கும். 5 மில்லிமீட்டர் துண்டுகளோடு நின்றுவிடாமல் மெல்லிய துண்டுகளையும் பாருங்கள். நாங்கள் தினமும் மீன் சாப்பிடுகிற ஆட்கள். குடலைத் துளைத்த மீன்முள் மெல்லிய வெள்ளைக் கோடாக மட்டுமே தெரியும். முள்ளை விழுங்கியது நோயாளிக்கே நினைவிருக்காது.

வாய்வழி கொன்ட்ராஸ்டுக்காகக் காத்திருப்பது

வேண்டாம். கொன்ட்ராஸ்டை, அதாவது உறுப்புகளைப் படத்தில் துலக்கிக் காட்டும் மருந்தை, நாளம் வழியாக ஏற்றி ஏறத்தாழ 70 விநாடியில் எடுத்தால் போதும். வாயால் கொடுத்தது மீன்முள்ளை மறைத்துவிடவும் கூடும்.

பிரஷர் விழுந்துகொண்டிருப்பவரை ஸ்கேனுக்குத் தள்ளுவது

வயிறு பலகைபோல இறுகியிருக்கிறதா? முதலில் சத்திரசிகிச்சை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

நீரைக் கண்டதும் முடிவுக்கு வருவது

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) உள்ளவரின் வயிற்று நீரில் கிருமி தொற்றியிருந்தாலும் சீடியில் வெறும் நீராகவே தெரியலாம். ஊசியால் எடுத்துச் சோதியுங்கள். ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோபில் (ஒருவகை வெள்ளணு) 250 அல்லது அதற்கு மேல் என்றால் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். வயிற்றின் உள்ளுறை முடிச்சு முடிச்சாகத் தடித்திருந்தால் புற்றுநோய்ப் பரவலையும், வாரக்கணக்கில் காய்ச்சலும் மெலிவும் இருந்தால் காசநோயையும் நினையுங்கள்.

முந்தைய சத்திரசிகிச்சையைக் கேளாமல் விடுவது

வயிற்றைத் திறந்தபின் ஓட்டை இல்லாமலே சில நாட்களுக்குக் காற்று இருக்கலாம். திகதியைக் கேளுங்கள்.

அறிக்கையை எழுதிவிட்டு இருந்துவிடுவது

காற்றைக் கண்டால் உடனே சத்திரசிகிச்சை வைத்தியருக்குப் போன் எடுங்கள். ஓட்டை இரைப்பையிலா, பெருங்குடலிலா என்று நீங்கள் நினைப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கே கீறுவது என்று அவர் யோசிக்கத் தொடங்குவது அதைக் கேட்டுத்தான்.