பினாங்கில் திறந்தவெளிச் சிற்பக் கண்காட்சி அமைக்கும் முறை

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் சிற்பங்களை வெட்டவெளியில் வைக்க விரும்புவோர், படைப்புகளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பாகவே, அவை நிற்கப்போகும் இடத்தைக் காலையிலும் நண்பகலிலும் ஒரு பெருமழைக்குப் பின்னரும் நேரில் பார்த்துவிட வேண்டும். காலை நேர மரநிழலில் சாந்தமாகத் தெரியும் கருங்கல் முகம், உச்சிவெயிலில் கண்குழிகள் இருண்டு கடுமை கொண்டுவிடும்.

அடுத்தது பொருள், பலரும் தவறுவது இதில்தான். கடலோரத் திடல்களில் உப்புக்காற்று ஓயாததால் சாதாரண இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பழுப்புப் புள்ளிகள் தோன்றக்கூடும் என்பதால், உப்பரிப்பைத் தாங்க உதவும் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 வகையில் செய்த படைப்புகளையே தேர்ந்தெடுங்கள். பற்றவைத்த இடங்களை விரலால் தடவிப் பாருங்கள்: சொரசொரப்பாக இருந்தால் உப்பு அங்கே தங்கும், துருவும் அங்கிருந்தே தொடங்கும்.

கருங்கல் கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன் எடையுள்ளது. மழையில் இளகும் புல்தரையில் அதை நிறுத்தாமல், கான்கிரீட் அடித்தளம் இடுங்கள். பொது இடமாயின் மாநகர் மன்றத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாரம்பரியப் பகுதியாயின், அதற்கான விதிகளையும் கேட்டறியுங்கள்.

ஏற்றியிறக்கும் செலவையும் காப்பீட்டையும் இளம் சிற்பியின் தலையில் கட்டுவது நியாயமன்று. அவற்றை அமைப்பாளரே ஏற்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.