பக்கவாதம் வந்தவர் வீடு திரும்புமுன்: வாடகை வீட்டைத் தயார் செய்வது

டிஸ்சார்ஜ் தேதி தெரிந்ததும் பலர் ஓடிப்போய் வாங்குவது சக்கர நாற்காலி. அது பாத்ரூம் கதவில் நுழையாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அதற்குமுன் இன்ச் டேப்பை எடுங்கள்.

கதவை முழுக்கத் திறந்து, கதவுப் பலகைக்கும் எதிர்ப்பக்க நிலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ‘இரண்டரை அடி கதவு’ என்று மேஸ்திரி சொல்வது பெரும்பாலும் நிலையையும் சேர்த்த அளவு. நிலைச்சட்டம் போக உள்ளே 25 இன்ச் மிஞ்சினாலே அதிகம். மடக்குகிற சாதாரண சக்கர நாற்காலியே 24 முதல் 26 இன்ச் அகலம் இருக்கும். தானே உருட்டுபவருக்குக் கை உரசாமல் இருக்கப் பக்கத்துக்கு 2 இன்ச் கூடுதலாக வேண்டும். நிலையைப் பெயர்க்க வீட்டுக்காரர் விடமாட்டார். கதவைக் கழற்றிவிட்டுக் கனமான திரை போட்டால் ஒன்றரை இன்ச் கிடைக்கும். அதுவும் போதாவிட்டால், சக்கரம் வைத்த குறுகலான கமோடு நாற்காலியில் (இருக்கையில் ஓட்டை உள்ள நாற்காலி) படுக்கையிலிருந்தே அழைத்துப் போவதுதான் வழி. கதவு இருந்தே ஆக வேண்டுமென்றால் வெளிப்பக்கம் திறக்கும்படி கீலை மாற்றுங்கள். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது.

தரையில் பதித்த பழைய கழிப்பறையாக இருந்தால் கமோடு நாற்காலியை அதன்மேல் நிறுத்திப் பயன்படுத்தலாம். ஆனால் நிறைய வீடுகளில் அது ஒரு படி உயர மேடையில் இருக்கும், சக்கரம் ஏறாது. அங்கே வெஸ்டர்ன் கமோடு மாற்றுவதே நல்லது. உட்காரும் உயரம் 18 முதல் 19 இன்ச், அதாவது சக்கர நாற்காலி இருக்கையின் உயரத்தை ஒட்டி இருக்கட்டும். உயரம் ஒத்துப்போனால்தான் உடம்பைத் தூக்காமல் நகர்த்த முடியும்.

பிடிகம்பியில்தான் பலர் ஏமாறுவார்கள். டவல் ராடைப் பிடித்து எழுந்தால் அது கையோடு வந்துவிடும். ரப்பர் உறிஞ்சியால் ஒட்டும் கம்பி, டைல்ஸில் சோப்புப் படிந்த அன்றே நழுவும். ஒன்றரை இன்ச் விட்டமுள்ள ஸ்டீல் குழாய், சுவரிலிருந்து 2 இன்ச் தள்ளி, கமோடு பலகைக்கு மேலே 8 முதல் 10 இன்ச் உயரத்தில் வேண்டும். செங்கல் சுவரில் நல்ல ஆங்கர் போல்ட் தாங்கும். ஹாலோ பிளாக் சுவரில் பிளாஸ்டிக் பிளக் தாங்காது. சுவரை ஊடுருவி மறுபக்கம் தகடு வைத்துப் போல்ட் முடுக்க வேண்டும். தட்டிப் பார்த்தாலே ‘டொக்டொக்’ என்று சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

எந்தப் பக்கம் பொருத்துவது? வலுவுள்ள கை இருக்கும் பக்கம். சுவர் எதிர்ப்பக்கம் இருந்தால் தரையில் நட்ட கம்பியோ, மடக்கி உயர்த்தும் கம்பியோ போடுங்கள். கட்டிலையும் அதே கணக்கில் திருப்ப வேண்டும்: வலுவுள்ள பக்கமாகவே இறங்கும்படி, அந்தப் பக்கம் 3 அடி காலியாக.

வாசற்படி தனிப் பிரச்சினை. மஞ்சள் குங்குமம் வைத்த நிலைப்படியை யாரும் வெட்ட விடமாட்டார்கள், வெட்டவும் வேண்டாம். 2 இன்ச் உயரப் படிக்கு இரு பக்கமும் ஆப்பு வடிவ மரப்பலகை, ஒவ்வொன்றும் 2 அடி நீளம். அடியில் ரப்பர் ஷீட் ஒட்டினால் நகராது. தெரு வாசலுக்கும் இதே கணக்கு: ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம். மூன்று படி என்றால் சுமார் 18 அடி. தெருவில் அவ்வளவு இடம் இருக்காது (ரோடு போடப் போட, வீட்டுக்காரரும் படியைக் கூட்டிக்கொண்டேதான் போகிறார்). பக்கவாட்டில் சுவரை ஒட்டித் திருப்பிக் கொண்டுவரலாம். திரும்பும் இடத்தில் 5 அடிக்கு 5 அடி சமதளம் விடுங்கள். வழவழவென்று சிமெண்ட் பால் பூசவிடாதீர்கள். ஈரத்திலேயே துடைப்பத்தால் குறுக்காகக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். கழிவுநீர்க் கால்வாயை அடைத்துக் கட்டினால் நாளை இடித்துவிடுவார்கள்.

படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்றுப் படுக்கைக்கு மோட்டார் விடாமல் ஓட வேண்டும். கரண்ட் போனால் காற்று இறங்கும், புண் வரும். அந்த பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் மாற்றுங்கள். படுக்கை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது நிற்கக் கூடாது. ஆக்சிஜன் மெஷின் இருந்தால் சாமி விளக்கும் அடுப்பும் அந்த அறைப் பக்கமே வேண்டாம்.

இவ்வளவையும் தொடங்குமுன் வீட்டுக்காரரிடம் எழுதி வாங்குங்கள்: எதை மாற்றுகிறீர்கள், காலி செய்யும்போது எதைப் பழையபடி ஆக்கித் தருவீர்கள். வாய்ப்பேச்சு அட்வான்ஸ் திருப்பும் நாளில் மறந்துபோகும்.

அரசு வீட்டுக்கு முயல்பவர்கள் கவனிக்க வேண்டியது: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, வீட்டுத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடு தருகிறது. குறைந்தது 40 சதவீத ஊனம் எனச் சான்று வேண்டும். பக்கவாதத்தால் கைகால் முடங்கியவரும் இதில் வரலாம். மனுவிலேயே ‘தரைத்தளம்’ என்று எழுதிவிடுங்கள். மூன்றாவது மாடி ஒதுக்கிய பிறகு மாற்றித் தரச் சொல்லி அலைவது பெரும்பாடு. மனுவின் நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.